தோட்டப்புற நகரத்துப் பழைய கடைவீடு: கீழே கடை, மேலே குடியிருப்பு எனச் சீரமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய், லூனாஸ் போன்ற தோட்டப்புற நகரங்களின் பெரிய தெருவில், போருக்கு முன் கட்டப்பட்ட இரண்டு மாடிக் கடைவீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துக் கடையோடு பங்கிட்டுக்கொண்ட செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பலகை மாடி, களிமண் ஓடு, முன்னால் அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை, பின்னால் சந்து என்பதே இவற்றின் பொது அமைப்பு. கீழே மளிகைக்கடையோ தையற்கடையோ நடக்க, மேலே பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அத்தகைய கட்டடத்தைக் கடையும் வீடுமாக மீண்டும் பயன்படுத்த விரும்புவோருக்காக இது எழுதப்படுகிறது.

புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில் தொடங்குகின்றனர்: முகப்புக்குச் சாயம், கடைக்குத் தரைஓடு, மாடிக்குக் குளிர்சாதனம். இம்மூன்றும் கடைசியில் வரவேண்டியவை. பத்திரம், அளவு, மாடிப்படி, அனுமதி, கூரை, மரம், சுவர், கம்பியும் குழாயும் என்ற வரிசை முடிந்த பிறகே அவற்றுக்கு இடம் உண்டு. இவ்வரிசையில் ஒன்றைத் தாண்டிச் சென்றால், முடித்த வேலையை உடைத்துத்தான் அதற்குத் திரும்பி வர முடியும்.

1. நிலப்பட்டாவைப் படித்தல்

மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, உங்கள் நிலத்துக்கான அதிகாரபூர்வத் தேடல் அறிக்கையைப் பெறுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய நகலை நம்ப வேண்டாம். அதில் பின்னாள் அடமானமோ தடையுத்தரவோ தெரியாது.

அறிக்கையில் "சியாராட் ஞாத்தா", அதாவது வெளிப்படை நிபந்தனை, என்ற தலைப்பின்கீழ், அந்நிலத்தில் என்ன செய்யலாம் என்பது எழுதப்பட்டிருக்கும். அங்கே கடை மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், மாடியைக் குடியிருப்பாக்கும் முன் தேசிய நிலச் சட்டத்தின் 124 ஆம் பிரிவின்கீழ் நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். இதை முதலிலேயே தெரிந்துகொள்ளச் சொல்வதன் காரணம், இவ்விண்ணப்பம் மாநில அரசுவரை செல்வது. வரைபடம் தயாரான பிறகு இதைத் தொடங்கினால் எல்லா வேலையும் இதற்காகக் காத்திருக்கும்.

பட்டா இன்னும் இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருப்பது நம் குடும்பங்களில் மிகச் சாதாரணம். வாரிசுகள் அனைவரும் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள் என்பதை வைத்து ஊராட்சி மன்றம் எந்த வரைபடத்தையும் ஏற்காது. சொத்தின் மதிப்பு வரம்புக்குள் இருந்தால் 1955 ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் நில நிர்வாகத்தின் வழியாகவும், இல்லையேல் உயர்நீதிமன்றத்தின் வழியாகவும் பெயர்மாற்றத்தை முடித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

நிலம் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், அதாவது டி.ஓ.எல். என்று நாம் சொல்வதில் இருந்தால், பெரிய செலவு செய்யாதீர்கள். அவ்வுரிமம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. பிறருக்கு மாற்ற முடியாதது. உரிமம் பெற்றவர் இறந்தால் முடிந்துவிடுவது. முன்பகுதி சொந்தப் பட்டாவிலும், பின்னால் நீட்டிக் கட்டிய சமையற்கட்டும் கழிப்பறையும் சந்துக்கான அரசு நிலத்திலும் இருப்பதுண்டு. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைக் கண்டுபிடித்துவிட்டால் இந்த ஐயம் தீரும்.

கீழே பழைய வாடகைதாரர் இருந்தால் அவருடைய நிலையையும் இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிந்துவிட்டதால் நினைத்த நாளில் அவரை வெளியேற்றலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் சட்டப்படி செல்லாது. 1950 ஆம் ஆண்டுத் தனிப்பரிகாரச் சட்டத்தின் 7(2) ஆம் பிரிவு நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே இடத்தை மீட்க அனுமதிக்கிறது. பல வேளைகளில், மறுபடியும் அதே கடைக்கு வரும் உரிமையை எழுதிக்கொடுத்து அவரைத் தற்காலிகமாக இடம்மாற்றுவதே செலவு குறைந்த வழி. நாற்பது ஆண்டு வாடிக்கையாளர்களோடு அவர் திரும்பி வருவது கட்டடத்துக்கும் நல்லது.

2. இருப்பதை அளந்து பதிதல்

பழைய வரைபடம் கிடைத்தாலும் அதை நம்பாமல் ஒவ்வோர் அறையையும் புதிதாக அளக்க வேண்டும். இக்கட்டடங்களில் முன்சுவரும் பின்சுவரும் ஒரே அகலத்தில் இருப்பது அரிது. மூலைவிட்டத்தையும் அளந்தால்தான் கோணல் தெரியும்.

நல்ல மழை பெய்யும் பிற்பகலில் கைவிளக்கோடு மாடிக்கு ஏறுவது, வெயில் நாளில் பத்து முறை பார்ப்பதைவிட அதிகம் சொல்லும். நீர் எங்கிருந்து சொட்டுகிறது, எந்தச் சுவர் வழியாக வழிகிறது, பின்கட்டுக் கூரை முன்கட்டுக் கூரையோடு சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் படமெடுத்து வரைபடத்தில் குறியுங்கள்.

சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களுக்குப் பின்னும் வெடிப்பு கோட்டைத் தாண்டாவிட்டால் அது பழைய, அடங்கிய வெடிப்பு. முன்கட்டும் பின்கட்டும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஓடும் வெடிப்பு, இரண்டுக்கும் வெவ்வேறு அடித்தளம் இருப்பதால் உண்டாவது. கோட்டைத் தாண்டி வளரும் வெடிப்புக்கும், படிக்கட்டுப்போல் செங்கல் வரிசையில் சாய்ந்து ஏறும் வெடிப்புக்கும் பதிவுபெற்ற பொறியாளரின் கருத்தைப் பெறாமல் எந்தச் சுவரையும் தொடாதீர்கள்.

மாடி முன்பு, உணவாக விற்கப்படும் பறவைக்கூடு வளர்ப்புக்கு விடப்பட்டிருந்தால், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உழவாரன் குருவிகளுக்காக ஈரப்பதத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருப்பார்கள். எச்சத்தின் உப்பு சுவருக்குள் இறங்கியிருக்கும். அங்கே முகக்கவசம் இல்லாமல் கூட்டிப் பெருக்கவும் கூடாது.

3. மாடிப்படியை முடிவு செய்தல்

மொத்தத் திட்டமும் இந்த ஒரு முடிவில்தான் தொங்குகிறது. ஆனாலும் பெரும்பாலோர் இதைக் கடைசிவரை தள்ளிப்போடுகின்றனர்.

பழைய கடைவீட்டில் படி, கடையின் நடுவிலோ பின்பக்கத்திலோ இருந்து ஏறும். கடைக்காரரே மாடியில் குடியிருந்த காலத்துக்கு அது போதுமானது. இப்போது கடை ஒருவருக்கும் மாடி இன்னொருவருக்கும் என்றாகும்போது, இரவு கடையின் இரும்புக் கதவு இறங்கியதும் மாடியில் இருப்பவர் உள்ளே அடைபடுகிறார். கீழே தீப்பிடித்தால் புகை அதே படி வழியாகத்தான் மேலேறும்.

1984 ஆம் ஆண்டு ஒரே சீரான கட்டடத் துணைவிதிகளின் 194 ஆம் விதி இத்தகைய கட்டடத்துக்கு ஒரே ஒரு படி போதும் என்று அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. மேல்தளத்தின் உயரம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. கட்டமைப்பின் ஒவ்வோர் உறுப்பும் குறைந்தது ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். மேலே குடியிருப்போ அலுவலகமோ இருக்கலாம். கடை கீழே இருக்கலாம். தரைத்தளத்திலிருந்து மேலேறும் படி, தீயைத் தாங்கும் சுவரால் கடையிலிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். நுழைவாயிலில் அச்சுவர் கடைமுகப்பின் பக்கம் 450 மில்லிமீட்டர் திரும்பியிருக்க வேண்டும். கடையில் எழும் நெருப்பு வாசலைச் சுற்றிக்கொண்டு படிக்குள் புகுந்துவிடாமல் இருக்கவே இந்தத் திருப்பம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். தரையிலிருந்து மாடிப் பலகைவரை 3.6 மீட்டர் உயரம் என்று கொள்வோம். விதிப்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், மிதிக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆக இருபது ஏற்றங்கள், அவற்றுக்கிடையே பத்தொன்பது மிதிகள், ஏறத்தாழ 4.85 மீட்டர் நீளம். படியின் அகலமும் பிரிப்புச் சுவரும் சேர்ந்து ஒன்றேகால் மீட்டர் அளவில் எடுத்துக்கொள்ளும். ஆறு மீட்டர் அகலக் கடையில் அது ஐந்தில் ஒரு பங்கு முகப்பு.

இந்த இழப்பைக் கேட்டதும் உரிமையாளர்கள் படியைப் பின்சந்துக்குத் தள்ளுகின்றனர். கடைக்கு முழு முகப்பு கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் குப்பைத் தொட்டியும் தேங்கிய கால்வாயும் உள்ள விளக்கில்லாத சந்தின் வழியாக, இரவு வேலை முடிந்து வரும் ஒரு பெண் வீட்டுக்கு ஏற வேண்டும் என்ற நிலையில் நல்ல குடித்தனக்காரர் அமைவது கடினம். மூலைக்கடை என்றால் பக்கவாட்டில் வைக்கலாம். நடுக்கடை என்றால், பக்கச்சுவரை ஒட்டி அஞ்சடியிலிருந்தே ஏறும் தனி வாசலை வைப்பதே சரி என்பது என் கருத்து. முகப்பின் இழப்பை மாடியின் வாடகை ஈடுசெய்யும்.

புதிய படி மேலேறும் இடத்தில் பலகைத் தளத்தைத் திறக்க வேண்டியிருக்கும்; எந்த உத்திரத்தை வெட்டலாம், வெட்டிய முனையை எதில் கோக்கலாம் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். படிக்கூண்டுக்குள் செருப்பு அலமாரி, மோட்டார் சைக்கிள், எரிவாயுக் கலன் எதற்கும் இடமில்லை என்பதையும் இப்போதே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. வரைபடமும் அனுமதியும்

1974 ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70 ஆம் பிரிவின்படி, கட்டடத்தை மாற்றியமைக்க ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மாடியின் பயன்பாடு மாறுகிறது என்றால் 1976 ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ்த் திட்ட அனுமதியும் தேவைப்படும். சுங்கை சிப்புட்டில் இருப்பவர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தையும், பீடோரில் இருப்பவர் தாப்பா மாவட்ட மன்றத்தையும் அணுக வேண்டும். விண்ணப்பத்தை ஓ.எஸ்.சி. எனப்படும் ஒரே இட விண்ணப்ப முகப்பில் அளிப்பவர் பதிவுபெற்ற கட்டடக் கலைஞராகவோ பதிவுபெற்ற வரைபடக்காரராகவோ இருத்தல் அவசியம்.

முழு வரைபடத்துக்குப் பணம் கொடுக்கும் முன், ஒரு பென்சில் வரைவோடு மன்றத்தின் கட்டடப் பிரிவையும் தீயணைப்பு மீட்புத் துறையையும் நேரில் பார்ப்பது நல்லது. படியும் பிரிப்புச் சுவரும் அங்கே வாய்மொழியாக ஏற்கப்பட்டால் பின்னால் வரைபடம் திரும்பி வருவது குறையும்.

அறை அளவுகளுக்கும் வரம்பு உண்டு: முதல் வாழறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5 எனத் துணைவிதிகள் சொல்கின்றன. சன்னல் பரப்பு அறைத்தரையின் பத்து விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டுமே சன்னல் உள்ள நீண்ட கடைவீட்டில் நடு அறைக்கு வெளிச்சம் வருவது முற்றத்தின் வழியாகத்தான். இரண்டு மாடிக் கட்டடத்தின் முற்றம் குறைந்தது 7 சதுர மீட்டர் பரப்பும், எப்பக்கமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். முன்பிருந்த உரிமையாளர் முற்றத்துக்கு மேல் தகரம் போட்டு மூடியிருந்தால் அதை முதலில் திறவுங்கள்; அதை அறையாகக் கணக்கிட்டு வரைவதே திரும்பி வரும் வரைபடங்களில் நான் மிகுதியாகக் கண்ட பிழை. பழைய முற்றம் இவ்வளவுக்குச் சிறிது குறைந்தால், விலக்கு கேட்டு எழுத்தில் பெற வேண்டும். துணைவிதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே ஏற்றுத் திருத்துவதால், உங்கள் மாநிலத்தின் பதிப்பை வரைபடக்காரர் கையில் வைத்திருக்கச் செய்யுங்கள்.

2005 ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் உங்கள் கட்டடம் பதிவாகியிருக்கிறதா என்று தேசிய மரபுடைமைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டப்புற நகரங்களில் பெரும்பாலான கடைவீடுகள் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லையே என்று "சிறு பழுதுபார்ப்பு" அனுமதியை மட்டும் வாங்கிச் சுவரை உடைக்கத் தொடங்குவோர், வேலைநிறுத்த உத்தரவு வந்து, திறந்த கூரையோடு மழைக்காலத்தைக் கழிக்கின்றனர்.

5. பணமும் குத்தகையாளரும்

இது சுருக்கமாகவே. கூரை, மரம், சுவர், மின்சாரம் ஆகியவற்றுக்கு முதலில் பணத்தை ஒதுக்கி, மீதியில்தான் அலங்காரத்தைத் தீர்மானியுங்கள். திறந்து பார்த்த பின்தான் தெரியும் சேதத்துக்கெனத் தனித் தொகை வையுங்கள். கட்டட வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தம் ஐந்து லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் 0.125 விழுக்காடு தீர்வை உண்டு. ஒவ்வொரு தவணையிலும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஒரு மழைக்காலம் கடந்த பின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் பலரும் மறக்கும் ஒரு வரி: பிரித்தெடுக்கும் ஓடு, செங்கல், செங்கால் எனும் கடினமரம் அனைத்தும் உரிமையாளருக்கே சொந்தம் என்பது. இவ்வரி இல்லாவிட்டால் நல்ல உத்திரங்கள் "குப்பை" லாரியில் ஏறி விற்பனைக்குப் போய்விடும். பிறகு அதே மரத்தை நீங்கள் விலைக்குத் தேடுவீர்கள்.

6. கூரை

உள்வேலை எதையும் கூரைக்கு முன் தொடங்கக்கூடாது. மேலிருந்து நீர் வரும்வரை கீழே செய்வதெல்லாம் வீண்.

மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஒப்பளவில் வறண்டவை. அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தைக் கணக்கிட்டு, ஓடு பிரிக்கும் வேலையை அம்மாதங்களில் அமையுமாறு பாருங்கள். கூரை முழுவதையும் ஒரே நாளில் திறக்காமல் ஒரு சரிவை முடித்து மறுசரிவைத் தொடங்குவதே பாதுகாப்பு.

நல்ல களிமண் ஓடுகளைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பதைக் கழித்துவிடுங்கள். குறைவதை வேறு பழைய கட்டடத்திலிருந்து வாங்கிக் கலக்கலாம்; கிடைத்த பழைய ஓடுகள் எல்லாவற்றையும் தெருப்பக்கச் சரிவிலும், வேறு வகையைப் பின்சரிவிலும் போடுவது வழக்கம். களிமண் ஓட்டுக்குப் பதிலாகக் கனமான கான்கிரீட் ஓடுகளை ஏற்றினால் பழைய கைமரங்கள் தொய்ந்துவிடும்.

கூரை திறந்திருக்கும்போது பொதுச்சுவரைப் பாருங்கள். துணைவிதிகளின்படி அது ஓட்டுக்கு மேல் குறைந்தது 230 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். சில வரிசைகளில் சுவர் உட்கூரை மட்டத்தோடு நின்றுவிட்டு, அதற்கு மேல் ஐந்தாறு கடைகளுக்கும் ஒரே காற்றுவெளியாக இருக்கும். ஒரு கடையில் எழுந்த தீ அந்த வெளி வழியாகத்தான் வரிசை முழுவதும் ஓடுகிறது. பக்கத்து உரிமையாளரிடம் பேசி இடைவெளியைச் செங்கல்லால் அடைக்க இதைவிட நல்ல தருணம் வராது.

பின்கட்டின் மேல் அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால், அதைச் சுத்தியலால் உடைக்கவோ அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலில் தங்கிவிடும். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் நெறிமுறைப்படி, பயிற்சி பெற்றவர்கள் தகட்டை நனைத்து முழுதாகக் கழற்றிக் கட்டி, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்தின் வழியாக அனுப்ப வேண்டும். சந்துக் குப்பையில் சேர்ப்பது குற்றம்.

7. உத்திரமும் கரையானும்

மாடியின் உத்திரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் பாய்ந்து, இரு முனைகளும் செங்கல் குழிக்குள் அமர்ந்திருக்கும். நடுப்பகுதி நூறாண்டு கண்டும் திடமாக இருக்க, கெட்டுப்போவது அந்த முனைகள்தான். ஏனெனில் சுவரின் ஈரம் அங்கேதான் மரத்தைத் தொடுகிறது.

ஒவ்வொரு முனையிலும், சுவரை ஒட்டியே, திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். நல்ல செங்கால் மரத்தில் நுனி ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது, கை வலிக்கும். கெட்ட முனையில், மேலே சாயம் மினுக்கிக்கொண்டிருக்கும்போதே, தேநீரில் நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் நுனி கைப்பிடிவரை போய்விடும். அந்த உத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, புதிய செங்கால் துண்டை இருபுறமும் துருப்பிடிக்காத போல்ட்டால் பிணைக்கலாம்; அல்லது பொறியாளர் சொல்லும் அளவில் எஃகுத் தகடு வைக்கலாம்.

பலகை மாடியைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடும் ஆசை பலருக்கும் வருகிறது. அந்தக் கனம், சுண்ணாம்புச் சாந்தில் நின்றுகொண்டிருக்கும் சுவரிலும் ஆழமில்லாத அடித்தளத்திலும் இறங்கும். தனித் தூண்களும் அடித்தளமும் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது.

ஒரு மணி நேரத் தீத்தாங்கலுக்கு, உத்திரங்களின் அடியில் சோதனைச் சான்றிதழ் உள்ள தீத்தடுப்பு ஜிப்சம் பலகையைப் பொருத்துவதே நடைமுறை. குழாயும் கம்பியும் நுழையும் துளைகளைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்காவிட்டால் பலகை இருந்தும் பயனில்லை. பலகைக்கு மேல் நடப்பது கண்ணில் படாது என்பதால், உத்திர முனைகளைப் பார்க்கத் தீத்தாங்கும் சிறு திறப்புகளை விட்டு வையுங்கள்.

கரையான் மருந்தைத் தரைவேலைக்கு முன் முடிக்க வேண்டும். மண்ணுக்குள் மருந்து செலுத்தத் தரையில் வரிசையாகத் துளையிடுவார்கள். புதிய தரைஓடு போட்ட பின் அதைச் செய்ய எவருக்கும் மனம் வராது. பால்மரத்தையே, அதாவது ரப்பர் மரத்தையே, வேரோடு சாய்க்கும் கரையான் இனம் உள்ள மண் நம்முடையது; தெரிந்த ஆளிடம் மண்ணெண்ணெய் தெளிக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரைக் கொண்டு செய்து, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

8. சுவரின் ஈரம்

புதியவர்கள் மிகுதியாகப் பணத்தை இழப்பது இங்கேதான்.

இச்சுவர்களில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக ஏறத்தாழ ஒரு மீட்டர்வரை மேலேறி, சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். கட்டியவர்கள் அப்படித்தான் அமைத்தார்கள். ஈரத்தைக் கண்டு பயந்து சிமெண்ட் பூசினால், வெளியேற வழியில்லாத நீர் இன்னும் மேலேறுகிறது. உத்திர முனைவரைகூடப் போகிறது. "சிமெண்டு போட்டா கல்லு மாதிரி நிக்கும்ண்ணே" என்று சொல்லும் கொத்தனாரின் பேச்சும் இரண்டு ஆண்டுக்குப் பொய்யாவதில்லை. அதன்பின் அந்தச் சுவரைக் கை முட்டியால் தட்டினால் உள்ளே கூடாக ஒலிக்கும். உளியை நுழைத்தால் சிமெண்ட் பலகைபோல் மொத்தமாகப் பெயர்ந்து வரும். அதன் முதுகில் பஞ்சுபோன்ற வெள்ளை உப்பு, செங்கல்லின் முகத்தில் விரலில் ஒட்டும் சிவப்புத் தூள்.

முதலில் வெளியே பாருங்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்ட தெருக்களில் அஞ்சடி சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கும். மழைநீர் கடைக்குள்ளேயே வரும். கால்வாயின் சரிவு, அஞ்சடியின் சரிவு, உடைந்த மழைநீர்க் குழாய் ஆகியவற்றைச் சரிசெய்தாலே ஈரம் பெருமளவு குறைவதுண்டு.

அடுத்து, சிமெண்ட் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை கையுளியால் நீக்குங்கள். இயந்திரச் சுத்தியல் மென்மையான பழைய செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். வெளிவரும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிச் சேகரித்து அகற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பிறகு சுவரைத் திறந்தபடியே விடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் உலர மாதங்கள் ஆகும். அக்காலத்தில் மின்சார வேலையை நடத்தலாம்.

புதுப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத ஆற்றுமணல் போதும். ஊறவைத்து நன்கு பதப்பட்ட சுண்ணாம்புக் களியே சிறந்தது. ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாமல், முதல் பூச்சு இறுகிய பின் அடுத்ததைப் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டுதான் கெட்டிப்படுகிறது என்பதால், அவசரப்பட்டுக் காற்றாடி வைத்து உலர்த்தினால் வெடிக்கும். நனைத்த சாக்கை முன்னால் தொங்கவிட்டு மெல்ல இறுக விடுங்கள். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு சுடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சாயம் என்றால் சுண்ணாம்புச் சாயமோ நீராவியை வெளிவிடும் வகையோ மட்டுமே. பளபளக்கும் பிளாஸ்டிக் வகைச் சாயம், சிமெண்ட் செய்த அதே வேலையைத்தான் செய்யும்.

9. மின்சாரம், தண்ணீர், கழிவு

பழைய ரப்பர் உறைக் கம்பிகளில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். தொட்டாலே உதிரும் உறை அது. கடைக்கும் மாடிக்கும் தனித்தனி மீட்டர் வேண்டும், ஏனெனில் வணிகக் கட்டணமும் வீட்டுக் கட்டணமும் வேறு. பின்னாளில் பில்லைப் பங்கிடும் சண்டையும் இராது. மாவு அரைக்கும் இயந்திரமோ பெரிய குளிர்பெட்டியோ வரும் கடை என்றால் மும்முனை இணைப்புக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நீர்ச்சூடேற்றி உள்ள குளியலறைக்கு 10 மில்லியாம்பியரிலும், கையில் பிடிக்கும் கருவிகளின் சுற்றுக்கு 30 மில்லியாம்பியரிலும் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் தேவை. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனின் சோதனைச் சான்றில்லாமல் தெனாகா நேஷனல் இணைப்புத் தராது.

ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை. அதைப் பலகை மாடியிலோ கைமரத்தின் மேலோ வைக்காமல், பின்கட்டில் அதற்கெனக் கட்டிய தூண்களின் மேல் வையுங்கள். மாடிக் குளியலறையும் சமையலறையும் பின்கட்டின் கான்கிரீட் தளத்தின் மேல் அமைவதே நல்லது. பலகைத் தளத்தின் நடுவே குளியலறை வைத்தவர்கள், கீழ்க்கடையின் உட்கூரையில் மஞ்சள் கறையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர்.

பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத தெருவில் செப்டிக் தொட்டி எங்கே இருக்கிறது, இரு குடித்தனத்துக்கும் அதன் கொள்ளளவு போதுமா, தூர்வாரும் வண்டி சந்துக்குள் வர முடியுமா என்பவற்றை வரைபடத்திலேயே காட்டுங்கள். கீழே சாப்பாட்டுக்கடை வரும் என்றால், எண்ணெய் பிடிக்கும் தொட்டியும், மாடிச் சன்னல்களைத் தாண்டிக் கூரைக்கு மேல் போகும் புகைக்குழாயும் இப்போதே வேண்டும். தாளிக்கும் வாசனை நமக்குப் பிடித்ததுதான்; காலை ஐந்து மணிக்குப் படுக்கையறைக்குள் வருவது வேறு.

10. முகப்பும் அஞ்சடியும்

மரச் சன்னல் இலைகளைக் கழற்றி எண்ணிட்டுப் பழுதுபாருங்கள். அலுமினியச் சன்னல் வைத்தால் முகப்பு கெடுவதோடு, சட்டங்களின் இடைவெளி வழியாக எந்நேரமும் வந்துகொண்டிருந்த காற்றும் நின்றுபோகும். சுண்ணாம்பு வேலைப்பாடுகளின் மேல் படிந்த பழைய சாயத்தை உயர் அழுத்த நீரால் பீய்ச்சி எடுக்காதீர்கள்.

அஞ்சடி உங்கள் பட்டாவுக்குள் இருந்தாலும் மக்கள் நடக்கும் வழி. அதில் படிவாசலின் இரும்புக் கதவு வெளிப்புறமாகத் திறக்கக்கூடாது. பக்கத்துக் கடையின் தரைமட்டத்தோடு சேரும் இடத்தில் தடுக்கி விழும் படி இருக்கக்கூடாது. பெயர்ப்பலகைக்கு மன்றத்தின் உரிமம் தனி; தேசிய மொழி முதன்மையாக இருக்க, தமிழ் எழுத்தைச் சேர்க்கலாம். பலகையின் அளவைத் தீர்மானிக்கும் முன் மன்றத்தின் விதியைக் கேட்டால், செய்த பலகையைத் திரும்ப இறக்க வேண்டியிருக்காது.

11. வாடகைக்கு விடுமுன்

வரைபடம் அளித்த தொழில்முறையாளர் வழங்கும் சி.சி.சி. எனப்படும் முடிவு, இணக்கச் சான்றிதழைப் பெறாமல் மாடியில் எவரையும் குடிவைக்காதீர்கள். வீட்டுக் காப்புறுதியும் கடைக்காரரின் வணிக உரிமமும் அதைக் கேட்கக்கூடும். காப்புறுதி நிறுவனத்திடம், கீழே என்ன கடை என்பதையும் மேலே குடியிருப்பு என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒன்றை மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

மாடியை மட்டும் பிரித்து விற்க விரும்பினால் அடுக்குமாடிப் பட்டா வேண்டும். வாடகைக்கு விட அது தேவையில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால் பெரும்பாலோர் மூன்று ஆண்டோடு நிறுத்திப் புதுப்பிக்கின்றனர். இரு ஒப்பந்தங்களுக்கும் முத்திரைத் தீர்வை செலுத்துங்கள்.

கடைக்கும் மாடிக்கும் தனித்தனி ஒப்பந்தம் எழுதும்போது சில வரிகள் இரண்டிலும் ஒரேபோல் இருக்க வேண்டும்: படிக்கூண்டில் எதையும் வைக்கக்கூடாது, சுவரில் சிமெண்டோ பளபளப்புச் சாயமோ பூசக்கூடாது, ஜிப்சம் பலகையைத் துளைக்கும் முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், ஏப்ரலுக்கு முன் ஒரு முறையும் அக்டோபருக்கு முன் ஒரு முறையும் உரிமையாளரின் ஆள் மாடி வழியாகக் கூரைக்கு ஏறி மழைநீர்த் தகரத்தில் சேர்ந்த இலையையும் மண்ணையும் அள்ள வழிவிட வேண்டும், அதற்கான கூலி உரிமையாளருடையது.